லயம் இல்லாத பிள்ளை

எனக்குக் கோபம் வந்தால் வாய் முந்திக்கொள்ளும், புத்தி பின்னால் நொண்டிக்கொண்டு வரும். அன்றைக்குத் துவாரகாவிடம் நான் பேசியதும் அப்படித்தான். அவள் சொன்னது சரி, நான் சொன்னது பிழை. இந்தத் தொழிலில் பிழை விடாதவன் எவனும் இல்லை. ஆனால் என் பிழையை அனுபவித்தது ஏழு வயதுப் பிள்ளை ஒன்று. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு. பதுளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு துணிக்கடையின் மேல்மாடியில் எங்கள் அலுவலகம். நாலு கணினிகள், ஒழுகும் கூரை ஒன்று. ஊவா மாகாணத் தேயிலைத் தோட்டங்களில் இருக்கும் பிள்ளைகளின் சுகாதார விபரங்களைத் திரட்டி வைப்பதுதான் வேலை. வைத்தியர்கள் தோட்டத்துக்குப் போய்ப் பிள்ளைகளைப் பார்ப்பார்கள். அவர்கள் எழுதியதைத் தோட்டத்துக் கிளாக்கர் தன் கணினியில் ஏற்றுவார். கொழும்பில் இருக்கும் உதவி அமைப்புகள் தங்களுக்கு வேண்டியதை எங்களிடமிருந்து எடுத்துக்கொள்ளும். அப்படி எடுப்பதற்கு மனிதர்கள் தேவையில்லை. அவர்களுடைய மென்பொருள் வந்து எங்களுடைய மென்பொருளின் வாசலில் நின்று கேட்கும், இது கொடுக்கும். அந்த வாசலுக்கு ஏபிஐ என்று பெயர். அதைக் கட்டும் பொறுப்பு எனக்கும் துவாரகாவுக்கும்.

துவாரகாவின் அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து பதுளைக்கு வந்த கணித ஆசிரியர். அவள் பிறந்தது பதுளை ஆஸ்பத்திரியில். வீட்டுப் பேச்சு மட்டும் யாழ்ப்பாணமாகவே நின்றுவிட்டது. நானோ லுணுகலைக்கு மேலே ஒரு தோட்டத்தில் ஐந்தாம் லயம், எட்டாம் காம்பராவில் பிறந்தவன். ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு காம்பராக்கள், காம்பராவுக்கு ஒரு குடும்பம், அதுதான் லயம். அங்கிருந்து கணினி வரைக்கும் வந்தவன் என்பதில் எனக்கு ஒரு திமிர் இருந்தது, மறைக்கவில்லை.

வாசலில் கேட்கிற ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு விலாசம் வேண்டும். நான் வெள்ளைப் பலகையில் இப்படி எழுதினேன்: தோட்டம்/12/லயம்/7/காம்பரா/3/பிள்ளை/2. பன்னிரண்டாம் தோட்டத்தில் ஏழாம் லயத்தில் மூன்றாம் காம்பராவில் இரண்டாம் பிள்ளை. ஒன்றுக்குள் ஒன்று. வெளியே இருப்பது பெற்றோர், உள்ளே இருப்பது பிள்ளை என்பது எங்கள் தொழில் வழக்கு. பெற்றோர் வழியாகத்தான் பிள்ளையிடம் போக முடியும், வேறு வழி வைக்கவில்லை. எழுதி முடித்துவிட்டு, ஒரு அடி பின்னால் நகர்ந்து நின்று நானே ரசித்தேன்.

"இவ்வளவு ஆழத்துக்கு ஏன் போறியள் சுரேஸ்?" என்றாள் துவாரகா. "ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு இலக்கம் இருக்குத்தானே. பிள்ளை/4417 எண்டு தனி விலாசம் குடுத்தால் காணும். எந்த லயம் எண்டது பிள்ளையின்ர விபரத்துக்குள்ள ஒரு குறிப்பா இருக்கட்டும்."

"அதெல்லாம் உங்க ஊருக்குச் சரி. தோட்டத்துல பேரச் சொல்லி ஆளத் தேட முடியாது. ஒரே தோட்டத்துல எட்டு பாக்கியலெட்சுமி இருப்பாங்க. எந்த லயம், எத்தனாம் காம்பரான்னு கேட்டாத்தான் ஆளு கெடைக்கும்."

"ஆக்கள் லயம் மாறினால்?"

"எங்க மாறுறது? நூத்தம்பது வருஷமா மாறல. எங்க ஆளுங்கள எனக்குத் தெரியும்."

"என்ர ஊரும் பதுளைதான்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போய்விட்டாள். நான் வென்றுவிட்டதாக நினைத்துக்கொண்டு தேத்தண்ணீர் குடிக்கப் போனேன்.

நான் சொன்னதில் பொய் இல்லை. கடிதம் எங்கள் லயத்துக்கு வராது, தோட்டத்து ஒப்பிசுக்கு வரும். பெரட்டுக்களத்தில் காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடும்போதும், பிள்ளைக்கு ஊசி போட வரும்போதும், கலியாணத்துக்குச் சொல்ல வரும்போதும் முதல் கேள்வி எந்த லயம் என்பதுதான். லயம் சொல்லாதவன் ஆளே இல்லை. நான் வளர்ந்த உலகத்தை அப்படியே கணினிக்குள் இறக்கி வைத்தேன். அதற்குக் காவலாக ஒரு சிவப்பு எழுத்து வாசகமும் வைத்தேன். லயம் போடாமல் யாராவது ஒரு பிள்ளையைச் சேர்க்கப் பார்த்தால், 'முதலில் லயத்தைத் தெரிவு செய்க' என்று திரையில் வரும். நல்ல தமிழில் எழுதியிருக்கிறேன் என்று அதற்கும் ஒரு பெருமை.

அந்த டிசம்பரில் மழை விடாமல் அடித்தது. கல்லுமலைத் தோட்டத்தில் ஏழாம் லயத்துக்குப் பின்னாலிருந்த மலையில் வெடிப்பு விழுந்தது. உயிர்ச்சேதம் இல்லை. பதினொரு குடும்பங்களையும் இறக்கி, பள்ளிக்கூட மைதானத்தில் தகரக் கொட்டில்கள் போட்டுக் கொடுத்தார்கள். லயத்தை இடித்தார்கள். கல்லுமலைக் கிளாக்கர் நல்லையா ஒழுங்கான மனிதர், எழுத்து வேலையைத் தள்ளிப்போட மாட்டார். இடித்த அன்றைக்கே எங்கள் மென்பொருளில் ஏழாம் லயத்துக்கு நேரே 'பாவனையில் இல்லை' என்று குறித்துவிட்டார். அதுதான் முறை. அடுத்த நாள் எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

"தம்பி, ஏழாம் லயத்து ஆளுங்க இப்ப கொட்டில்ல இருக்காங்க. அவங்கள எப்புடி ஏத்துறது? மிசின் லயம் கேக்குது."

"கொட்டிலுக்கு நம்பர் இருக்குங்களா ஐயா?"

"கொட்டிலுக்கு ஏது நம்பரு? நாலு கம்பு, மேல தகரம்."

"அப்ப பொறுங்க ஐயா. புது லயம் கட்டி நம்பர் போட்ட பொறகு ஏத்திக்கலாம். இல்லாத லயத்தப் போட்டா எல்லாம் கொழம்பிரும்."

"புது லயம் எந்தக் காலத்துல கட்டுறது? சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்க மாட்டான்னு சும்மாவா சொன்னாங்க" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

ஏழாம் லயத்தில் எத்தனை பிள்ளைகள், அவர்களில் யாருக்கு என்ன நோய், என்ன வருத்தம் என்று அப்போது ஒரு தடவை பார்த்திருக்கலாம். அரை நிமிட வேலை. பார்க்கவில்லை. ஏன் பார்க்கவில்லை என்று இன்றுவரை என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

பெப்ரவரியில் கொழும்பு அமைப்பொன்று பட்டியல் எடுத்தது. மார்ச் மாதத்தில் வெளிநாட்டு இதய வைத்தியர்கள் ஒரு வாரம் வந்து தங்கி, பிள்ளைகளுக்கு இலவசமாக அறுவைச் சிகிச்சை செய்யப் போகிறார்கள். அவர்களுடைய மென்பொருள் எங்கள் வாசலில் வந்து நின்றது. தோட்டம் தோட்டமாக, லயம் லயமாக, காம்பரா காம்பராவாக நடந்து, இதய வருத்தம் உள்ள பிள்ளைகளை எடுத்துக்கொண்டு போனது. கல்லுமலையில் ஆறாம் லயம் முடிந்ததும் எட்டாம் லயத்துக்குப் போய்விட்டது. நடுவில் இருந்தது பாவனையில் இல்லை. நான் கட்டிய வாசல் ஒரு குறையும் இல்லாமல் வேலை செய்தது.

மார்ச் மாதம் ஒரு புதன்கிழமை, முற்பகலில், பெரியாயி வந்தார். முப்பது வயதிருக்கும். பசறை வழியாக மூன்று மணி நேரம் பஸ்ஸில் வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. கூட வந்த மகள் மாடிப்படியின் பாதியில் உட்கார்ந்துவிட்டாள். மூச்சு வாங்கிக்கொண்டு மிச்சப் படிகளை அண்ணாந்து பார்த்தாள். துவாரகா இறங்கிப் போய் அவளைத் தூக்கிக்கொண்டு வந்தாள். துஷாந்தினி என்று பெயர் சொன்னாள் அந்தப் பிள்ளை.

"நல்லையா கிளாக்கரய்யா ஒங்களப் பாக்கச் சொன்னாருங்க தம்பி" என்றார் பெரியாயி. "போன ஆடியில தோட்டத்துக்கு வந்த டாக்டரு, புள்ளைக்கு நெஞ்சுல ஓட்ட இருக்குன்னாரு. பேரு பதிஞ்சாச்சு, கொழும்புலருந்து கூப்புடுவாங்கன்னாரு. பக்கத்துத் தோட்டத்துல ஒரு புள்ளைக்குக் கடுதாசி வந்துருச்சு. போயி ஆப்ரேசனும் முடிஞ்சிருச்சாம். எங்களுக்கு மட்டும் வரல. பேரு இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க."

"எந்த லயம் அக்கா?" என்று கேட்டேன். வாய்ப்பழக்கம்.

"ஏழாம் லயம், மூணாம் காம்பரா. ஆனா அது இப்ப இல்லீங்களே."

விரல்கள் விலாசத்தை அடித்தன. திரையில் ஒன்றுமில்லை என்று வந்தது. வாசலை விட்டுவிட்டு, பின்பக்கமாகத் தரவுக் கிடங்குக்குள்ளேயே நேரே போய்ப் பார்த்தேன். இருந்தாள். 4417. துஷாந்தினி, தாய் பெரியாயி, பிறந்த திகதி, நிறை, உயரம், வைத்தியர் எழுதிய குறிப்பு. 'இதயத்தில் துளை. எட்டு வயதுக்குள் அறுவைச் சிகிச்சை அவசியம்.' ஒரு எழுத்துக்கூட அழியவில்லை. பிள்ளை அங்கேயேதான் இருந்தாள், அவளிடம் போகும் வழியைத்தான் நான் வைக்கவில்லை.

துவாரகா என் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். அவள் இரண்டு வார்த்தை ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஏசவில்லை. பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "முதல்ல பாதையைத் திறவுங்கோ, மிச்சத்தைப் பிறகு கதைப்பம்" என்றாள். ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டோம். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி விலாசம். பிள்ளை/4417 என்று அடித்தேன், துஷாந்தினி வந்தாள். ஆறு மாதத்துக்கு முன் துவாரகா பலகையைக் காட்டிச் சொன்ன அதே விலாசம். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

கொழும்பில் அந்தப் பட்டியலுக்குப் பொறுப்பாக இருந்தவர் மதுசூதனன். தொலைபேசியில் மட்டும் பழக்கம், நல்ல மனிதர். விபரத்தைச் சொன்னதும் தன் திரையில் பார்த்தார்.

"இப்ப பிள்ளை தெரியுது சுரேஸ்" என்றார். "ஆனா வைத்தியர்மார் வெள்ளிக்கிழமை வெளிக்கிடுகினம். சத்திரசிகிச்சைக்கு முன்னம் செய்யிற சோதனையளுக்கே பத்து நாள் வேணும். நான் என்னெண்டு செய்யிறது, சொல்லுங்கோ."

"வேற ஒரு வழியும் இல்லையா?"

"அடுத்த வருசம் மார்ச்சில திரும்ப வருவினம். முதல் பெயரா இவவைப் போடுறன். அதுதான் என்னால ஏலும்."

நவம்பரில் துஷாந்தினிக்கு எட்டு வயது முடியும். திரையில் பிறந்த திகதி என் கண்ணெதிரே இருந்தது.

பெரியாயியிடம் உண்மையைச் சொல்ல வேண்டுமென்று தீர்மானித்துத்தான் எழுந்தேன். "பேரு விடுபட்டுப் போச்சு அக்கா. அது என்னோட தப்பு" என்றேன்.

"ஒங்க தப்பு என்னா தம்பி? லயம் ஒடைஞ்சதுக்கு நீங்க என்னா செய்வீங்க?"

விலாசம், வாசல், பெற்றோர், பிள்ளை என்று அவருக்கு எதை எப்படி விளங்கப்படுத்துவது? அடுத்த வருடம் முதல் பெயர் இவளுடையதுதான் என்றேன். பெயரைக் காட்டச் சொன்னார். திரையைத் திருப்பினேன். அவருக்கு எழுத்துத் தெரியாது. இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள்தான் எழுத்துக் கூட்டி வாசித்தாள். "இருக்கும்மா" என்று தாயைப் பார்த்துச் சொன்னாள். பெரியாயி திரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அந்த ஒரு வருடத்தை நான் எப்படிக் கடத்தினேன் என்று எனக்கே தெரியாது. கொழும்பில் காத்திருப்போர் வரிசை வருடக்கணக்கில் நீண்டிருந்தது. பெரிய வைத்தியர்களுக்குக் கடிதம் எழுதினேன். அரசியல் ஆட்களின் வாசலில் போய் நின்றேன். எல்லோரும் உட்காரச் சொன்னார்கள், கேட்டார்கள், தலையாட்டினார்கள். யாராவது ஒருவர் என்னைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளியிருந்தால் அவரிடமாவது கோபப்பட்டிருக்கலாம். எனக்கோ கோபப்பட என்னைத் தவிர ஆள் இல்லை. மாதம் ஒருமுறை கல்லுமலைக்குப் போவேன். கொட்டிலிலிருந்து பள்ளிக்கூடம் ஐம்பது அடி தூரம். தை மாதத்துக்குப் பிறகு துஷாந்தினியால் அந்த ஐம்பது அடியும் நடக்க முடியவில்லை. புது லயத்துக்கு அடிக்கல் நாட்டிய இடத்தில் இடுப்பளவுக்குப் புல் வளர்ந்திருந்தது.

இரண்டாயிரத்து ஒன்பது மார்ச்சில் கடிதம் வந்தது. பதுளையிலிருந்து காலை ரயிலில் நானும் அவர்களோடு போனேன். கொழும்புக் கோட்டை நிலையத்தில் இறங்கியதும் சோதனைச் சாவடியில் பொலிஸ்காரர் கடிதத்தை மூன்று தடவை வாசித்தார். பிள்ளையின் உதட்டைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போகவிட்டார். உதடு நீலம் பாய்ந்திருந்தது. நகக்கண்ணும் அப்படித்தான். பிந்திவிட்டோம் என்று எனக்குப் புரிந்துவிட்டது. புரியாத மாதிரி நடந்துகொண்டேன்.

பத்து நாள் சோதனைகள். பிறகு வெள்ளைக்கார வைத்தியர் ஒருவர் எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினார். பக்கத்திலிருந்த தமிழ் வைத்தியர் சரோஜினி அதைத் தமிழில் சொன்னார். துளை வழியாக இத்தனை நாள் போன இரத்தத்தின் அழுத்தத்தால் நுரையீரல் கெட்டுவிட்டது. இனித் துளையை மூடினால் பிள்ளை மேசையிலேயே போய்விடும். மூடாமல் விட்டால், மருந்தோடு சில வருடங்கள் இருப்பாள். எத்தனை வருடம் என்று சொல்ல முடியாது.

"போன வருசம் கொண்டு வந்திருந்தால் சுகமாக்கியிருக்கலாம் அம்மா" என்றார் சரோஜினி. "ஏன் கொண்டு வரேல்லை?"

அவர் கேட்டது குற்றமில்லை, கேட்கத்தான் வேண்டும். பெரியாயி முந்தானையால் மகளின் முகத்தைத் துடைத்துக்கொண்டே பதில் சொன்னார்.

"லயம் ஒடைஞ்சு போச்சுங்க டாக்டர்."

சரோஜினிக்கு அது விளங்கியிருக்காது. லயம் உடைந்ததற்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்திருப்பார். அந்த அறையில் சம்பந்தம் தெரிந்த ஒரே ஆள் நான்தான். நான் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஏப்ரலில் மதுசூதனனிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. அறுவைச் சிகிச்சைக்குப் பொருந்தாத பிள்ளைகளின் பதிவுகளைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடும்படி பொதுவாக எல்லோருக்கும் அனுப்பியிருந்தார்கள். நீக்குவது இப்போது லேசு. முன்பு ஒரு பிள்ளையை நீக்க வேண்டுமென்றால் தோட்டம், லயம், காம்பரா என்று இறங்க வேண்டும். இப்போது பிள்ளை/4417 என்று போட்டு ஒரு பொத்தானை அமுக்கினால் போதும். அதுவும் நான் செய்து கொடுத்த வசதிதான். மற்ற நாலு பெயர்களைத் துவாரகா நீக்கினாள். இந்த ஒன்றை என் பக்கம் தள்ளிவிட்டு எழுந்து போனாள்.

நான் அமுக்காமல் உட்கார்ந்திருந்தபோது பெரியாயி லுணுகலைக் கொமினிகேசன் கடையிலிருந்து தொலைபேசி எடுத்தார். நல்லையா சொல்லியிருக்கிறார்.

"பேர எடுக்கச் சொல்லிட்டாங்களாமே தம்பி."

"ஆமாங்க அக்கா."

"எடுத்துறாதீங்க. டாக்டரு சொன்னது எனக்குப் புரியாம இல்ல. இனிமே கூப்புட மாட்டாங்கன்னும் தெரியும். ஆனா போன தடவ பேரே இல்லாமக் கெடந்துச்சு எம் புள்ள. அவ இருக்க மட்டும் பேரும் இருக்கட்டும் தம்பி."

சரி என்றேன். கொழும்பிலிருந்து இரண்டு தடவை நினைவூட்டினார்கள். மறுமொழி போடவில்லை. என் கையில் மிஞ்சியிருந்த அதிகாரம் ஒரு பொத்தானை அமுக்காமல் இருப்பது மட்டும்தான்.

அன்றிலிருந்து ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் திகதி பெரியாயி கூப்பிடுவார். பெயர் இருக்கிறதா என்று கேட்பார். தெரிந்த பதில்தான், இருந்தாலும் நான் ஒவ்வொரு தடவையும் விலாசத்தைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் சொல்வேன். பார்க்காமல் சொல்லும் தைரியம் எனக்குப் போய்விட்டது.

போன மாதம் கூப்பிட்டபோது குரலில் ஒரு அவசரம் இருந்தது. "புது லயம் குடுத்துட்டாங்க தம்பி. நேத்து வந்துட்டோம். அதே நம்பருதான் போட்டுருக்காங்க. ஏழாம் லயம், மூணாம் காம்பரா. மொதல்ல அத எழுதிக்குங்க."

கல்லுமலைத் தோட்டத்தைத் திறந்து, லயத்தைத் தெரிவு செய்து, காம்பராவைப் போட்டு, 4417ஐ அதற்குள் சேர்த்தேன். சிவப்பு எழுத்து வரவில்லை. இப்போது அந்தப் பிள்ளையிடம் போக இரண்டு வழி இருக்கிறது. போய் என்ன செய்வது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

தொலைபேசியில் பெரியாயி காத்துக்கொண்டிருந்தார். பின்னால் பிள்ளை இருமுவது கேட்டது.

"சரியா ஏறிருச்சா தம்பி?"

"ஏறிருச்சுங்க அக்கா" என்றேன்.